செட்டிநாட்டுப் பழைய மரக்கதவுகள்: வகை அறிந்து, பார்த்து வாங்கி, மறுபடி பயன்படுத்த ஒரு முழுமையான வழிகாட்டி

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு மணி நேரம் நின்று நிதானமாகப் பார்த்தால், பிரிக்கப்பட்ட ஒரு செட்டிநாட்டு வீட்டை மனத்துக்குள் மறுபடி கட்டிவிடலாம். ஒரு கடையில் தூண்கள், அடுத்த கடையில் பீங்கான் சாமான்கள், அதற்கடுத்ததில் சுவரோடு சாத்தி வைத்த கதவுகள். வெளியூரிலிருந்து வருகிறவர்களில் பெரும்பாலோர் கஜலட்சுமி செதுக்கிய தலைவாசல் கதவு ஒன்று கிடைக்காதா என்றுதான் கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது வேறு. கடையின் பின்பக்கம் வெயிலிலும் தூசியிலும் அடுக்கிக் கிடக்கும் வேலைப்பாடில்லாத அறைக்கதவுகளைப் பாருங்கள். மரம் பெரும்பாலும் அதே தேக்குதான், அளவு இன்றைய வீட்டுக்கு ஒத்துவரும், விலையும் குறைவு. சிற்பக் கதவு தன் வாசலை விட்டு வந்தபின் காட்சிப் பொருளாகிவிடுகிறது. அறைக்கதவு எங்கே மாட்டினாலும் கதவாகவே வேலை செய்யும்.

இந்த வழிகாட்டி முழுக்க அந்தச் சார்போடுதான் எழுதப்பட்டிருக்கிறது. கதவைக் கதவாகவே பயன்படுத்த வழி இருக்கும்வரை அதையே செய்யுங்கள். முடியாதபோது மேசை, அலமாரி, கட்டில் தலைப்பலகை என்று இறங்கலாம்.

வாசலிலிருந்து கொல்லை வரை

செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்பு, வளவு எனப்படும் நடு முற்றம், இரண்டாம் கட்டு, சமையற்கட்டு, கொல்லை என்று நேர்கோட்டில் நீளும். தலைவாசலில் நின்றால் கொல்லைக் கதவு வரை பார்வை போகும்படி வாசல்களை வரிசையாக வைத்திருப்பார்கள். அந்த வரிசையில் உள்ளே போகப் போகக் கதவின் தன்மை மாறும். வகைகளைத் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி இல்லை.

தலைவாசலில் இருப்பது இரட்டைக் கதவு. கனமான நிலை, அதன்மேல் சூரியப்பலகை எனப்படும் செதுக்குப் பலகை, நிலைக்கால்களில் பூவும் கொடியும் யாளியும். கதவுகள் இரண்டு அங்குலத்துக்கும் மேற்பட்ட தடிமனில் இருப்பது சாதாரணம். நடுவில் ஒரு கதவின் விளிம்பு மற்றதன்மேல் ஏறி உட்காரும்படி சட்டம் வைத்திருப்பார்கள். பித்தளைக் குமிழ்கள், வளையம், பெரிய சாவி போடும் பூட்டு எல்லாம் இதில்தான் இருக்கும்.

வளவைச் சுற்றி இருப்பவை அறைக்கதவுகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை என்பது வழக்கமாதலால், ஒரே வீட்டில் ஒரே அளவில் பல கதவுகள் கிடைக்கின்றன. சீர் சாமானும் வெள்ளியும் பாத்திரமும் வைத்துப் பூட்டிய அறைகள் ஆகையால் அழகைவிட உறுதிக்கே இடம் கொடுத்திருக்கிறார்கள். உயரம் குறைவு, சட்டங்கள் அகலம், பலகைகள் தடிப்பு. புதிய வீட்டுக்கு மிகவும் ஒத்துவருவது இந்த வகைதான்.

கட்டமைப்பில் பார்த்தால் பழைய கதவுகள் இரண்டு விதம். ஒன்று, பலகைக் கதவு: நீளமான பலகைகளை நெருக்கி வைத்துப் பின்பக்கம் குறுக்குச் சட்டங்களால் ஆணியடித்துப் பிணைத்தது. மற்றது பேனல் கதவு: சட்டங்களைக் கூட்டி, நடுவில் பள்ளம் எடுத்துப் பலகையைச் செருகியது. பேனல் கதவில் பலகையைப் பசை போட்டு ஒட்டியிருக்க மாட்டார்கள். வெயிலுக்கும் மழைக்கும் மரம் சுருங்கி விரிய இடம் விட்டிருப்பார்கள். பின்னால் பழுது பார்க்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

தொங்கும் விதத்திலும் இரண்டு உண்டு. குடுமிக் கதவு கீலில் தொங்குவதில்லை. கதவின் ஓரச் சட்டமே மேலும் கீழும் குடுமியாக நீண்டு, மேலே நிலையின் கட்டைத் துளையிலும் கீழே குழியிலும் உட்கார்ந்து சுழலும். கீல் கதவு பிற்காலத்து வழக்கம். பழைய கதவின் ஓரத்தில் கீல் அடித்த தடமே இல்லை என்றால் மேலும் கீழும் குடுமியைத் தேடுங்கள்.

இவை தவிர, மாடி முகப்புகளில் வண்ணக் கண்ணாடி பதித்த கதவுகளும், சாய்வுப் பட்டைகள் வைத்த ஷட்டர் கதவுகளும் உண்டு. ஜன்னல்களில் மேலொரு ஜோடி, கீழொரு ஜோடி என்று சிறு கதவுகள் இருக்கும். கொல்லைக் கதவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மழையிலும் மாட்டுத் தொழுவ ஈரத்திலும் நின்றது என்பதால் அடிப்பாகம் பெரும்பாலும் போயிருக்கும்.

இன்றைய ஃப்ளஷ் கதவையும் பிளைவுட் கதவையும் மறுபயன்பாட்டுக்கு எடுப்பவர்கள் உண்டு. உள்ளே சில்லுக்கட்டை வைத்து மேலே தகடு ஒட்டியவை அவை. ஈரம் படாமல் இருந்தால் தற்காலிகத் தடுப்பாகவோ வேலை மேசையின் மேற்பலகையாகவோ பயன்படும். அறுத்தாலும் இழைத்தாலும் குப்பைதான்.

என்ன மரம் என்று எப்படித் தெரிந்துகொள்வது

“அண்ணே, இது பர்மா தேக்கா?” என்று கேட்டுப் பயனில்லை. “பர்மாவேதான் தம்பி” என்ற பதில்தான் வரும். நகரத்தார் பர்மாவில் வட்டித் தொழில் செய்த காலத்தில் அங்கிருந்து கப்பலில் வந்த தேக்கில் இந்த வீடுகள் பல எழுந்தன என்பது உண்மை. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அந்த வரத்து நின்றது, பல குடும்பங்களின் செல்வமும் அத்தோடு போனது. ஆனால் ஒரே வீட்டுக்குள்ளும் தலைவாசலுக்கு ஒரு மரம், கொல்லைக்கு வேறு மரம் என்று போட்டிருப்பார்கள். வேங்கை, பலா, வேம்பு, பூவரசு எல்லாம் கதவாகியிருக்கின்றன. ஒவ்வொரு கதவையும் தனியாகத்தான் சோதிக்க வேண்டும்.

கதவின் மறைவான ஓரத்தில், குடுமிப் பக்கமோ அடிவிளிம்போ, கத்தியால் நகத்தளவு சுரண்டிப் பாருங்கள். கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். தேக்கு என்றால் உள்ளே பொன்னிறம் கலந்த பழுப்பு தெரியும், தொட்டால் லேசான பிசுக்கு இருக்கும், தோல் பதனிட்டதுபோல் ஒரு வாடை எழும். வேங்கையைச் சுரண்டினால் நிறம் சிவப்பை நோக்கிப் போகும். பலா மஞ்சளாக இருந்து காற்றுப்பட்டுக் கருத்திருக்கும்.

எடையும் ஒரு சாட்சி. காய்ந்த தேக்கு ஒரு கன அடிக்குச் சுமார் 18 கிலோ. ஆறரை அடி உயரம், மூன்று அடி அகலம், ஒன்றரை அங்குலத் தடிமன் உள்ள கதவு இரண்டரைக் கன அடிக்குச் சற்றுக் குறைவு. முழுவதும் அதே தடிமனாக இருந்தால் 45 கிலோவை ஒட்டி வரும். பேனல்கள் மெலிந்திருந்தால் இன்னும் குறையும். ஒரு கதவை ஒருவரே சுலபமாகத் தூக்கிச் சாத்துகிறார் என்றால், அது வேறு மரம் அல்லது உள்ளே உளுத்தது.

மரத்தின் உட்பகுதியான வைரத்தையும் வெளியோரமான வெள்ளையையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். கரையான் எளிதில் தொடாதது தேக்கின் வைரப் பகுதியைத்தான். ஓரத்தில் வெளிறிய பட்டையாகத் தெரியும் வெள்ளைப் பகுதிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. உளி நுனியால் வெள்ளைப் பட்டை நெடுகத் தட்டிக்கொண்டு வாருங்கள். கணீரென்ற ஓசை மொத்தென்று மாறும் இடத்தில் பொந்து இருக்கிறது.

புதிய கதவைப் பழையதாக்கி விற்பதும் நடக்கிறது. உண்மையாகவே பழகிய கதவில் தேய்மானம் இடம் பார்த்துத்தான் இருக்கும். வளையத்துக்குக் கீழே, அது இத்தனை காலம் மோதிய இடத்தில், பிறைபோல் ஒரு குழிவு விழுந்திருக்கும். தாழ்ப்பாள் பக்கத்துச் சட்டம் கைபட்டு வழுவழுப்பாகியிருக்கும். கீழ்ப்படியின் நடு தேய்ந்து ஓரங்கள் உயர்ந்திருக்கும். எல்லா இடமும் ஒரே அளவு அடிபட்டிருந்தால் சந்தேகப்படுங்கள். பின்பக்கத்தையும் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். வட்ட ரம்பம் விட்ட வளைகோடுகள் புத்தம் புதிதாகத் தெரிந்தால் கதவின் வயது விளங்கிவிடும்.

யாருடைய கதவு என்று கேளுங்கள்

செட்டிநாட்டு வீடுகள் பல இன்று பங்காளிகள் பலரின் கூட்டுச் சொத்து. ஒருவர் சென்னையில் இருப்பார், ஒருவர் சிங்கப்பூரில் இருப்பார், வீட்டுக்குச் சாவி ஒருவரிடம் இருக்கும். சாவி வைத்திருப்பவர் மட்டும் சம்மதித்து விற்ற கதவு பின்னால் வழக்கில் சிக்கலாம். நேரடியாக வீட்டிலிருந்து வாங்கினால் எல்லாப் பங்குதாரரும் கையெழுத்திட்ட ஒரு தாள் கேளுங்கள். கடையில் வாங்கினால் கதவின் அளவும் படமும் குறிப்பிட்ட ரசீது கேளுங்கள். பூட்டிக் கிடக்கும் வீடுகளில் திருட்டு நடக்கும் ஊர் இது. ரசீது தரத் தயங்கும் கடையிலிருந்து வெளியே வந்துவிடுவது நல்லது.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி, நூறு ஆண்டுகளுக்குக் குறையாத கலைவேலைப்பாட்டுப் பொருள்களும் கட்டடத்திலிருந்து பிரித்தெடுத்த பொருள்களும் தொல்பொருள் வகையில் அடங்கும். அவற்றைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. நூறு ஆண்டைத் தொட்ட தலைவாசல் கதவைக் கப்பலில் ஏற்ற நினைப்பவர்கள் முதலில் இந்தியத் தொல்லியல் துறையிடம் கேட்டுத் தெளிய வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நிற்கும் வீட்டிலிருந்து ஒரு கதவை மட்டும் பெயர்த்து வாங்காதீர்கள். கதவு போன வாசல் வழியே மழை புகும், பிறகு வீடும் போகும். ஏற்கெனவே இடிபட்ட வீட்டின் கதவை வாங்குங்கள், போதும்.

பிரித்தெடுக்கும் வேலை

சொந்த வீட்டையே பிரிக்கிறவர்களுக்கும், இடிக்கும் இடத்தில் நேரில் நின்று வாங்குகிறவர்களுக்கும் இந்தப் பகுதி. கடையில் வாங்குவோர் தாண்டிப் போகலாம்.

எந்த ஆணியையும் தொடும் முன், கதவு மூடிய நிலையில் இருபுறமும் படம் எடுத்துவிடுங்கள். நிலைக்கால், மேல்சட்டம், கீழ்ப்படி, இடக் கதவு, வலக் கதவு என்று ஒவ்வொன்றிலும் உட்புறமாகச் சுண்ணக்கட்டியால் எண் எழுதுங்கள். பழைய ஆசாரிகளே பூட்டுவாய்களில், அதாவது சட்டங்கள் ஒன்றிலொன்று கோத்துச் சேரும் இடங்களில், உளியால் கோடு கீறி அடையாளம் வைத்திருப்பதுண்டு, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது குடுமி. குடுமிக் கதவைச் சும்மா தூக்கி எடுக்க முடியாது. மேல்குடுமி உட்கார்ந்திருக்கும் கட்டையைக் கழற்றினால்தான் கதவு விடுபடும். சில வீடுகளில் கதவை உள்ளே வைத்தே நிலையைக் கூட்டியிருப்பார்கள், அங்கே நிலையோடு சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். இடிப்பு வேலைக்காரர்கள் இந்த இடத்தில் பொறுமையிழந்து குடுமியை ரம்பத்தால் அறுத்துவிடுகிறார்கள். இரண்டு நிமிட வேலை மிச்சம், ஆனால் அந்தக் கதவு தன் முறையில் இனி ஒருபோதும் சுழலாது. அருகில் நின்று தடுக்க வேண்டியது நீங்கள்தான்.

நிலையைப் பெயர்க்குமுன் மேலே சுவரின் பாரத்தை எது தாங்குகிறது என்று பாருங்கள். பாரம் நிலையின்மேல் இறங்கியிருந்தால் முட்டுக் கொடுக்காமல் கைவைக்கக் கூடாது. சுற்றியுள்ள சுண்ணாம்புக் காரையை உளியால் மெல்லக் கொத்தி, சுவருக்குள் போகும் மரக் காதுகளையும் இரும்புப் பட்டைகளையும் விடுவித்தபின் நிலை தானாக அசையும். கடப்பாரையால் நெம்பினால் மூலைப் பூட்டு கிழிந்துவிடும்.

முக்கியமான விதி: நிலையும் கதவும் ஜோடியாகத்தான் வர வேண்டும். தனிக் கதவு மலிவாகக் கிடைக்கும். அதற்குப் புதிதாக நிலை செய்யும் செலவில் அந்த மலிவு கரைந்துவிடும்.

பூச்சி, பெயின்ட், அழுக்கு

வீட்டுக்கு வந்த கதவை நேரே உள்ளே கொண்டுபோகாதீர்கள். நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில், செங்கல்மேல் படுக்கையாக வைத்து, அடியில் கறுப்புத் துணி விரியுங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்துத் துணியில் மாவுபோல் தூள் கொட்டியிருந்தால் வண்டு உயிரோடு இருக்கிறது. பழைய துளைகள் மட்டும் இருந்து தூள் கொட்டாவிட்டால் பெரும்பாலும் கவலையில்லை. உயிருள்ள துளைகளுக்குப் போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலை, பெயின்டோ வார்னிஷோ இல்லாத வெறும் மரத்தில், தூரிகையால் தாராளமாகப் பூசி ஊற விட வேண்டும். துளைகளுக்குள் ஊசியாலும் செலுத்தலாம். மண்ணெண்ணெய் ஊற்றும் பழக்கம் இன்னும் இருக்கிறது. வாடை மாதக் கணக்கில் போகாது, தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு.

இந்தக் காத்திருப்புக்கு இன்னொரு பயனும் இருக்கிறது. காரைக்குடியின் வறண்ட காற்றில் நூறாண்டு நின்ற கதவு, சென்னைக்கோ நாகைக்கோ போனால் கடற்காற்றில் சற்று உப்பும். அந்த ஊர்க் காற்றுக்குப் பழகியபிறகு அளவெடுத்தால் மழைக்காலத்தில் கதவு பிடிக்காது.

பெயின்ட் அடித்த கதவுகளில் கவனம் அதிகம் தேவை. நம் நாட்டில் வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பச்சை, நீல, மஞ்சள் பெயின்ட் எதிலும் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்தபடி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூசி நுரையீரலுக்கும் வீட்டுக் குழந்தைகளின் வாய்க்கும் போகும். தீ காட்டிக் கருக்கி எடுப்பதும் கூடாது. பெயின்ட் ரிமூவர் பூசி, அது மேலெழும்பியதும் ஈரத்தோடு சுரண்டி, சுரண்டியதைப் பாலித்தீன் விரிப்பில் சேர்த்துக் கட்டி அப்புறப்படுத்துங்கள். கையுறை, முகக்கவசம், திறந்தவெளி மூன்றும் வேண்டும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்தப் பக்கமே வரக் கூடாது.

சில பட்டறைகளில் கதவைக் காஸ்டிக் சோடாத் தொட்டியில் முக்கி எடுக்கிறார்கள். ஒரே நாளில் பெயின்ட் போய்விடும். தேக்கின் நிறம் கருத்துவிடும், மரநார் தூக்கிக்கொண்டு நிற்கும், பூட்டுவாய்கள் தளரும். விலை குறைவு என்பதற்காக இதற்குச் சம்மதிக்காதீர்கள்.

பெயின்ட் இல்லாமல் எண்ணெய்ப் பிசுக்கும் புகையும் மட்டும் படிந்த கதவா? வெந்நீரில் சிறிது சோப்புக் கலந்து, நார்த் தூரிகையால் மரநாரின் போக்கில் தேய்த்து, உடனே துணியால் ஒற்றி எடுங்கள். தண்ணீரை ஊற்றிக் கழுவ வேண்டாம். இரும்பு ஆணியைச் சுற்றிக் கறுப்புக் கறை இருந்தால் அது அழுக்கில்லை; மரத்தின் துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்து உண்டானது. ஆக்சாலிக் அமிலக் கரைசலை அந்த இடத்தில் மட்டும் பூசினால் வெளுக்கும். அது விஷம், கையுறையோடு செய்து பிறகு நன்றாகத் துடைத்துவிட வேண்டும். எல்லாக் கறையையும் எடுத்தே ஆகவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. வளையம் தேய்ந்த தடத்தையும் சாவித்துளையைச் சுற்றிய கறுப்பையும் விட்டுவைத்தால் கதவுக்கு முகம் இருக்கும்.

உப்புத்தாள் கடைசியில்தான். 120ஆம் எண் தாளில் தொடங்கி 220இல் முடியுங்கள். செதுக்கு வேலையில் உப்புத்தாளே வேண்டாம், தூரிகை போதும்.

பழுது

அடிப்பாகம் உளுத்த கதவுதான் அதிகம் வரும். உளுத்த பகுதியை நல்ல மரம் தெரியும் வரை வெட்டியெடுத்து, அதே மரத்தின் பழைய துண்டைச் சாய்வாக இணைத்துச் சேர்க்க வேண்டும். நேர்வெட்டில் முட்டவைத்து ஒட்டினால் நிற்காது. தேக்கில் எண்ணெய்ப்பசை இருப்பதால் பசை பிடிப்பது கடினம். ஒட்டும் பரப்பை அப்போதுதான் இழைத்து, தின்னரில் நனைத்த துணியால் துடைத்து, உடனே எபாக்சிப் பசை போடுங்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை அடைத்து மேலே பெயின்ட் அடித்துத் தருபவர்கள் இருக்கிறார்கள். முதல் மழைக்கு அது உதிரும்.

பேனலில் விரிசல் இருந்தால் மெல்லிய தேக்குச் சிம்பைச் செருகுங்கள். பேனலைச் சட்டத்தோடு சேர்த்து ஒட்டிவிடாதீர்கள். மூலைகள் ஆடினால் பழைய மர ஆணியைத் தட்டி வெளியேற்றி, பூட்டுவாயைச் சுத்தம் செய்து, கொஞ்சம் தடித்த புதிய மர ஆணி அடித்தால் இறுகிவிடும். இதற்கு இரும்பு எல் பட்டை வேண்டியதில்லை.

வேலைக்கு ஆசாரியைத் தேடும்போது, பிளைவுட் வேலை மட்டும் தெரிந்தவரா, உளி பிடிப்பவரா என்று கேட்டறியுங்கள். இவை இரண்டும் வேறு கைகள்.

கதவைக் கதவாகவே மாட்டுவது

வீடு கட்டத் தொடங்கும் முன்பே கதவை வாங்கிவிடுவது உத்தமம். வாசலுக்கு அளவு சொல்ல வேண்டியது கதவு. இன்று வழக்கமான வாசல் ஏழடிக்கு மூன்றடி. பழைய அறைக்கதவுகள் அதைவிடக் குட்டை. கதவின் உயரத்தைக் கூட்ட மேலே துண்டு ஒட்டச் சொல்வார்கள். வேண்டாம். நிலைக்கு மேலே மிஞ்சும் இடத்தில் காற்றுக்கு மரக்கம்பி போட்ட ஒரு சிறு ஜன்னல் வைத்தால் பார்க்கவும் நன்றாயிருக்கும், காற்றும் வரும். அகலம் அதிகமாக இருந்தால் சட்டத்தை அறுக்காமல் சுவரில் விடும் வாசலை அகலப்படுத்துங்கள். ஓரச் சட்டத்தை அரை அங்குலம் அறுத்தாலும் பூட்டுவாய் மெலிந்துவிடும்.

நிலையை நிறுத்துமுன் மூலைக்கு மூலை குறுக்கே அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றானால் நிலை சதுரம். வேறுபட்டால் கயிறு கட்டி முறுக்கி நேராக்கி, குறுக்குக் கட்டை அடித்த பிறகே சுவரில் ஏற்ற வேண்டும். சுவரைத் தொடும் பின்பக்கங்களுக்குத் தார் பூசுங்கள். ஈரமும் கரையானும் அந்தப் பக்கமாகத்தான் வரும். பக்கத்துக்கு மூன்று ஹோல்ட்ஃபாஸ்ட் (நிலையைச் சுவரோடு பிடிக்கும் இரும்புப் பட்டை) வைத்துச் சிமென்டில் பிடிப்பியுங்கள்.

கீழ்ப்படி ஒரு சிக்கல். பழைய நிலைகளில் அது தரைக்கு மேலே நாலைந்து அங்குலம் நிற்கும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் தடுக்கும், சக்கர நாற்காலி ஏறாது. அறுத்தெறிவதற்குப் பதில், தலைவாசலில் மட்டும் அந்தப் படி இருக்கட்டும், உள்ளறைகளில் தரையோடு தரையாகப் புதைத்துவிடலாம். அப்படிப் புதைத்தால் அடியில் தாரும், இருபுறம் தரைக்கற்களுக்கு நடுவே சிறு இடைவெளியும் அவசியம். வீடு துடைக்கும் தண்ணீர் அங்கே தேங்கினால் சில ஆண்டுகளில் படி போய்விடும். ஆத்தங்குடிக் கல் பதிக்கிறவர்கள் கற்களை அதன் விளிம்பு வரை நெருக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குடுமி முழுதாக இருந்தால் அதிலேயே தொங்கவிடுங்கள். கீழே கருங்கல்லில் குழி எடுத்து, உள்ளே ஒரு பித்தளை வட்டைப் போட்டால் சுழற்சி லகுவாகும். குடுமி அறுபட்டிருந்தால் கனமான கீல்கள் தேவை. ஒரு கதவுக்கு ஐந்தங்குலக் கீல் மூன்று, தலைவாசல் கனமென்றால் நான்கு. மேலிரண்டையும் நெருக்கி வையுங்கள், இழுவை முழுவதும் அங்கேதான். கதவுக்கும் நிலைக்கும் இடையே மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். இரட்டைக் கதவில் எது முதலில் மூட வேண்டும் என்பதை விளிம்பைப் பார்த்து முடிவு செய்துவிட்டு மாட்டுங்கள். மாற்றி மாட்டினால் ஒவ்வொரு முறையும் இரண்டையும் திறந்து மூட வேண்டியிருக்கும்.

பழைய பூட்டு அழகாக இருக்கும், பாதுகாப்புக்குப் போதாது. சட்டத்தின் உள்ளே குடைந்து வைக்கும் பூட்டு வேண்டுமானால் குறுக்குச் சட்டம் சேரும் இடத்தில் குடையாதீர்கள், பூட்டுவாயை அது அறுத்துவிடும். உட்புறம் மேலோடு பொருத்தும் பூட்டு, பழைய தாழ்ப்பாள், குறுக்கே ஒரு கட்டை. இந்த மூன்றும் சேர்ந்தால் போதும்.

ஜன்னல் கதவுகள் அலமாரிக்கு

எளிதாகவும் மலிவாகவும் முடியும் வேலை இது. செட்டிநாட்டு ஜன்னலின் சிறு கதவுகள் ஓரங்குலத் தடிமனில், ஏறக்குறைய ஒரே அளவில் நாலு, எட்டு என்று கிடைக்கும். முதலில் கதவுகளை வாங்கி, அவற்றின் அளவுக்கு அலமாரிப் பெட்டியைச் செய்யச் சொல்லுங்கள். நான்கு கதவுகளில் அரையங்குல வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். பெரியவற்றை அறுக்காமல், சிறியவற்றுக்குச் சுற்றிலும் மெல்லிய பட்டை வைத்துச் சமன் செய்யுங்கள். பிளைவுட் அலமாரிக்குப் போடும் வளைகீல் இந்தக் கனத்தைத் தாங்காது. பித்தளைப் பட்டைக் கீல்தான் சரி. சமையலறையில் வைத்தால் ஷட்டர் பட்டைகளுக்கு நடுவே எண்ணெய்ப் புகை படியும், துடைத்து மாளாது. அங்கே சமதளப் பேனல் கதவுகளே நல்லது.

மேசை

எல்லாரும் கேட்பது இதைத்தான். ஆறரைக்கு மூன்றடிக் கதவு ஆறு பேர் உட்காரும் சாப்பாட்டு மேசையாகும். செதுக்கு வேலையுள்ள கதவை எடுக்காதீர்கள். குழிகளில் சோற்றுப்பருக்கை விழும், மேலே கண்ணாடி போட்டாலும் ஓரம் வழியே எறும்பு போகும். பலகைக் கதவு கிடைத்தால் அதன் முன்பக்கம் ஏறக்குறைய சமதளம், கண்ணாடியே தேவைப்படாது.

பேனல் கதவென்றால் கண்ணாடி வேண்டும். எட்டு மில்லிமீட்டர் டெம்பர்டு கண்ணாடி இந்த அளவுக்குச் சுமார் 36 கிலோ வரும். கதவின் 45ஐயும் கூட்டினால் எண்பதைத் தாண்டுகிறது. மெல்லிய குழாய்க் கால்கள் ஆடும். பிரித்த வீட்டின் ஒடிந்த நிலைக்கால்கள் கிடைத்தால் அவற்றையே மேசைக் கால்களாக அறுக்கச் சொல்லுங்கள். கண்ணாடியோடு சேர்த்து உயரம் 30 அங்குலத்தில் நிற்கட்டும். கால்களை இணைக்கும் சட்டத்தில் கதவைத் திருகும்போது துளைகளை நீளவாக்கில் எடுங்கள், மரம் அசைய இடம் வேண்டும். மேலே துருத்தும் வளையத்தையும் தாழ்ப்பாளையும் கழற்றி, பக்கவாட்டில் பொருத்தலாம். கண்ணாடிக்கு அடியில் மூலைகளில் ரப்பர் வில்லைகள் வைத்தால் வழுக்காது, அடியில் ஈரமும் அடையாது.

படிக்கும் மேசைக்கு அறைக்கதவின் ஒரு பாதி, அதாவது இரட்டைக் கதவில் ஒன்று, கச்சிதமான அகலம்.

மற்றவை

ஆறடி அகலக் கட்டிலுக்கு ஆறரையடிக் கதவைப் படுக்கையாகத் திருப்பினால் தலைப்பலகை தயார். சுவரில் பிடிக்க வேண்டும், கட்டிலில் அல்ல. பழைய பெயின்டின் சாயலை வைத்துக்கொள்ள விரும்பினால், உதிரும் பகுதிகளை ஈரத்தில் நீக்கிவிட்டு, மேலே தெளிந்த வார்னிஷ் இரண்டு பூச்சுப் போட்டு மூடிவிடுங்கள். குழந்தைத் தொட்டிலுக்கும் விளையாட்டுச் சாமானுக்கும் பெயின்ட் அடித்த பழைய மரம் எந்த வகையிலும் கூடாது.

சுவரில் அழகுக்காகத் தொங்கவிடும் கதவு நாற்பது கிலோவுக்கு மேல் என்பதை மறக்கக் கூடாது. பூச்சில் ஆணியடித்தால் பூச்சோடு வந்துவிடும். செங்கல் வரை போகும் போல்ட்டு, கீழே தாங்க ஓர் இரும்புக் கோணம். கூடத்தையும் சாப்பாட்டு அறையையும் பிரிக்கத் தடுப்பு வேண்டுமென்றால், நான்கு ஷட்டர் கதவுகளைக் கீல் போட்டு மடிப்பாக நிறுத்தலாம்.

கதவை ஊஞ்சலாக்கும் படங்கள் நிறையச் சுற்றுகின்றன. செட்டிநாட்டு ஊஞ்சல் ஒரே தடித்த பலகையில் செய்வது. பேனல் கதவு பல துண்டுகளைக் கூட்டியது, அது நிமிர்ந்து நிற்கச் செய்தது, நடுவில் இரண்டு பேர் குதித்து உட்காரச் செய்ததில்லை. செய்யாதீர்கள்.

எண்ணெயும் பராமரிப்பும்

உட்புறக் கதவுக்கு ஆளிவிதை எண்ணெயையும் டர்பன்டைனையும் சரிபாதி கலந்து, மெல்லப் பூசி, கால் மணி நேரத்தில் மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். ஒருநாள் விட்டு மறுபடி ஒரு பூச்சு. மேலே தேன்மெழுகு தேய்த்தால் கைபடும் இடம் பளபளக்கும். வெயிலும் மழையும் படும் தலைவாசலுக்கு வெளிப்புற வார்னிஷ் தேவை, அதையும் சில ஆண்டுகளுக்கொரு முறை புதுப்பிக்க வேண்டும். கண்ணாடிபோல் மினுங்கும் பூச்சைப் பட்டறைக்காரர்கள் சிபாரிசு செய்வார்கள். பழைய மரத்தில் அது பிளாஸ்டிக்காகத் தெரியும்.

ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிட்டுப் போகாதீர்கள். காய்கையில் அது சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்துக் காயப்போட்டபிறகு குப்பையில் சேருங்கள்.

ஆண்டுக்கொருமுறை, மழைக்காலத்துக்கு முன், குடுமிக் குழியைத் துடைத்து இரண்டு சொட்டு விளக்கெண்ணெய் விடுங்கள். நிலையின் அடியில் மண்கோடு ஏறியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஏறியிருந்தால் அதை மட்டும் கலைத்தால் போதாது, தரையடியில் கரையான் மருந்து அடிக்க ஆளை அழைக்க வேண்டும்.